சோம்பலா, ஆறாத மனக்காயமா?

மனக்காயம் என்றதும் போர், நிலநடுக்கம், சுனாமி என்று எங்கோ நடக்கும் பேரழிவுகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஜொகூரில் பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய்வரும் நமக்கு அதனோடு என்ன தொடர்பு என்று பலர் நினைக்கலாம். இங்குள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் வழிகாட்டி ஆலோசனை ஆசிரியையாகப் பல ஆண்டுகள் பணியாற்றும் எனக்கு இந்தச் சொல் வேறு உருவங்களில்தான் அறிமுகம். ஒரே பாடத்துக்கு மட்டும் மட்டம் போடும் மாணவன், முதல் பாட வேளையிலேயே தூங்கி விழும் மாணவி, சின்னக் கிண்டலுக்கும் கை ஓங்கும் பையன், யார் எதைக் கேட்டாலும் மறுக்காமல் தலையாட்டும் பெண்.

இவர்கள் என் அறைக்கு வரும்போது ஆளுக்கொரு பட்டத்தோடுதான் வருகிறார்கள். சோம்பேறி, திமிர் பிடித்தவன், கவனமில்லாதவள். எல்லாருக்கும் பின்னால் ஒரு மனக்காயம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. விடியும்வரை கைப்பேசியில் விளையாடிவிட்டு வகுப்பில் தூங்குபவர்களும் உண்டு. ஆனால் சிலர் விஷயத்தில் நாம் குணக்கேடு என்று நினைப்பது, எப்போதோ நடந்த ஒன்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அந்த உடம்பு இன்னமும் எடுக்கும் முயற்சியாக இருக்கிறது. அது எந்த வகைக் காயம் என்று தெரியாவிட்டால் நாம் செய்யும் உதவியும் தவறிப்போகும்.

அதிர்ச்சி வேறு, நோய் வேறு

ஓர் அடிப்படை உண்மையை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். உலக மக்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனத்தை உலுக்கும் சம்பவத்தைச் சந்திக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அப்படிச் சந்தித்தவர்களில் 'அதிர்ச்சிக்குப் பிந்திய மனஅழுத்த நோய்' வருவது ஏறத்தாழ 5.6 விழுக்காட்டினருக்கே. ஆக, பெரும்பாலோர் குடும்பம், நண்பர்கள், வழக்கமான வாழ்க்கை ஆகியவற்றின் துணையோடு மீண்டுவிடுகிறார்கள்.

ஒரு விபத்துக்குப் பிறகு சில வாரங்கள் தூக்கம் கெடுவதும், திடுக்கிட்டு எழுவதும், சாப்பாடு இறங்காமல் இருப்பதும் இயல்பு. ஒரு மாதத்துக்கு மேலும் அது தொடர்ந்தால், படிப்பையும் உறவுகளையும் பாதித்தால், அப்போது கவனிக்க வேண்டும். நடந்தது அழைக்காமலே நினைவில் வருவது, அதை ஞாபகப்படுத்தும் இடங்களையும் பேச்சையும் தவிர்ப்பது, தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் இருண்ட எண்ணங்கள் படிவது, உடம்பு எந்நேரமும் விழிப்பாகவே இருப்பது ஆகிய நான்கும் முக்கிய அறிகுறிகள். நோயா இல்லையா என்பதை மருத்துவர் அல்லது மருத்துவ உளவியலாளர்தான் சொல்ல வேண்டும். நானோ, கூகளோ, உங்கள் நண்பரோ சொல்லக் கூடாது.

இனி நான் கூறும் மாணவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரே நாளில் விழும் காயம்

2019 மார்ச் 7-ஆம் தேதி பாசிர் கூடாங்கில் நடந்ததை ஜொகூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து வெளியான நச்சுக் காற்று, அருகிலிருந்த பள்ளிகளின் மாணவர்களை முதலில் தாக்கியது. வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் என்று பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மார்ச் 13-ஆம் தேதி பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகளை மூடும்படி கல்வி அமைச்சு உத்தரவிட்டது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் மட்டுமே 2,700-ஐத் தாண்டினார்கள். அந்தப் பயம் தணிவதற்குள், அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் மாணவர்கள் மூச்சுத்திணறலுக்கு ஆளாக, பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன.

அந்த ஆண்டில் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு பையன், பின்னர் படிவம் 4 மாணவனாக என்னிடம் அனுப்பப்பட்டான். குற்றச்சாட்டு, இரசாயனப் பாடத்துக்கு மட்டும் மட்டம் போடுகிறான் என்பது. ஆய்வுக்கூடத்துக்குள் போன பத்தாவது நிமிடம் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பான். பிறகு திரும்பவே மாட்டான். வகுப்பறையில் நடக்கும் இரசாயனப் பாடத்தில் அவனுக்கு ஒரு சிக்கலும் இல்லை. இரண்டாம் சந்திப்பில்தான், "அந்த வாடை வந்தா நெஞ்சு அடைக்குது டீச்சர்" என்றான். பாசிர் கூடாங்கில் தானும் மருத்துவமனையில் கிடந்ததை அவன் அதனோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை.

வாடைக்கு ஏன் அவ்வளவு வலிமை? நம் மூளையில் 'அமிக்டலா' என்ற சிறு பகுதி ஆபத்து மணியைப் போல வேலை செய்கிறது. கண், காது வழி வரும் தகவல்கள் மூளையின் இடைநிலையம் போன்ற ஒரு பகுதியைக் கடந்துதான் மற்ற இடங்களுக்குப் போகும். வாடையோ அந்தச் சுற்றுவழி இல்லாமல் அமிக்டலாவுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. ஆகவே, 'இது வெறும் ஆய்வுக்கூடம்' என்று முன்மூளை சிந்தித்து முடிப்பதற்குள் உடம்பு ஓடத் தயாராகிவிடுகிறது. அவன் வெளியே போனதும் நெஞ்சு லேசாகிறது. 'ஓடியதால்தான் தப்பித்தேன்' என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வருகிறது.

இப்படி ஒரே சம்பவத்தில் விழுந்த காயத்துக்கு, ஆபத்து முடிந்துவிட்டது என்பதை உடம்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரியவைப்பதுதான் வழி. சுகாதார கிளினிக்கின் உளவியலாளர் அவனுக்குப் படிப்படியான பயிற்சி கொடுத்தார். பள்ளியில் நாங்கள் அதற்குத் துணை நின்றோம். முதலில் யாருமில்லாத ஆய்வுக்கூடத்தின் வாசலில் ஐந்து நிமிடம். பிறகு உள்ளே, சன்னல் ஓரத்தில். அடுத்து நண்பன் ஒருவனோடு, பிறகு முழு வகுப்போடு. தேவைப்பட்டால் கேட்காமலே வெளியே போகலாம் என்று பாட ஆசிரியர் சொல்லிவைத்தார். அந்த அனுமதி கிடைத்த பிறகு அவன் வெளியே போனது இரண்டே முறைதான்.

மழைக்காலத்தோடு திரும்பும் பயம்

வெள்ளம் தரும் காயம் வேறு வகை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த பெருவெள்ளத்தில் கோத்தா திங்கி பட்டணமே மூழ்கியதைப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். முதல் வெள்ளம் வடிந்து, வீட்டைக் கழுவித் துடைத்து முடித்தவர்களை இரண்டாம் வெள்ளம் மீண்டும் விரட்டியது. 2021 தொடக்கத்திலும் ஜொகூரில் வெள்ளம் வந்தது. 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட், குளுவாங் வட்டாரங்களில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தது. பத்து பகாட்டில் நீர் வடியவே வாரக்கணக்கானது.

இரண்டு முறை வீட்டை வெள்ளத்தில் பறிகொடுத்த ஒரு மாணவி, சித்தி வீட்டில் தங்கிப் படிப்பதற்காக எங்கள் பள்ளிக்கு மாறி வந்தாள். சித்தி வீடு மேட்டில் இருக்கிறது. ஆனாலும் மழை பெய்யும் இரவுகளில் அவள் தூங்குவதில்லை. பாடப்புத்தகங்களை அலமாரியின் உச்சியில் அடுக்கிவிட்டு, ஆற்று நீர்மட்டம் காட்டும் இணையத்தளத்தை மணிக்கொரு தரம் பார்ப்பாள், அம்மாவும் தம்பியும் இன்னும் அந்தப் பழைய வீட்டில்தானே இருக்கிறார்கள் என்று. மறுநாள் காலை முதல் பாடத்தில் கண் சொக்கும். ஆசிரியர் குறிப்பேட்டில் 'வகுப்பில் உறங்குகிறார்' என்று எழுதுவார்.

இவளிடம் 'ஒன்றும் ஆகாது' என்று சொல்லலாமா? சொன்னால் அது பொய். வெள்ளம் மறுபடியும் வரலாம் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆய்வுக்கூடத்துப் பையனுக்கு ஆபத்து முடிந்த கதை. இவளுக்கு அது ஆண்டுதோறும் தொடரும் கதை. இப்படிப்பட்டவர்களுக்கு ஆறுதல் வார்த்தையைவிடத் திட்டம் உதவும். குடும்பத்தோடு உட்கார்ந்து நாங்கள் சில முடிவுகளை எடுத்தோம். ஐ.சி., பிறப்புச் சான்றிதழ், மருந்துகள், ஒரு செட் பள்ளிச் சீருடை ஆகியவை தண்ணீர் புகாத பையில் முன்கூட்டியே தயாராக இருக்கும். நீர்மட்டம் எச்சரிக்கை நிலையைத் தொட்டால் காத்திருக்காமல் அம்மாவும் தம்பியும் கிளம்பிவிடுவார்கள். இரவில் நீர்மட்டத்தைக் கவனிப்பது மாமாவின் பொறுப்பு. அபாயம் என்றால் அவர் எழுப்புவார். காவல் காக்கும் வேலை பெரியவர் கைக்குப் போனது. அவள் கைப்பேசி இரவில் சித்தியின் அறைக்குப் போனது. மழைக்காலத்தில் அவள் இன்னமும் லேசாகத்தான் தூங்குகிறாள். ஆனால் தூங்குகிறாள்.

வீட்டுக்குள்ளே நடப்பது

மூன்றாம் வகையைப் பற்றி எந்த நாளிதழிலும் செய்தி வராது. அடி, வசவு, சம்சுவும் பீரும் கொண்டுவரும் சண்டை, சில வேளைகளில் வெளியில் சொல்லவே முடியாத அத்துமீறல். இதற்குத் தேதி கிடையாது, வருடக்கணக்கில் நடக்கும். பாதுகாக்க வேண்டியவரே பயத்துக்குக் காரணமாகிவிடுகிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பு, இத்தகைய நீண்டகாலக் காயத்தின் விளைவைத் தனி நோயாகவே குறிப்பிடுகிறது. இதில் மற்ற அறிகுறிகளோடு மூன்று பாதிப்புகள் சேர்கின்றன. உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த முடியாமை, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம், யாரோடும் நெருங்கிப் பழக முடியாமை.

இந்த வகைப் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். காரணம், அவர்களில் சிலர் பள்ளியில் மிக நல்ல பிள்ளைகள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, ஆசிரியர் வகுப்புக்குள் கால் வைத்த மறுகணமே அவர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். வீட்டில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தத்திலிருந்தே அந்த இரவு எப்படி இருக்கும் என்று கணக்கிட்டு வளர்ந்தவள் அவள். யாருக்கும் முடியாது என்று சொல்ல மாட்டாள். குழு வேலை முழுவதையும் தனியாகச் செய்து கொடுப்பாள். எல்லாரும் அவளைப் பொறுப்பானவள் என்று பாராட்டினார்கள். கணிதத் தேர்வில் மட்டும் மண்டை வெறுமையாகிவிடும். எந்நேரமும் ஆபத்தைத் தேடிக்கொண்டிருக்கும் மூளைக்கு, நான்கு படிகளைக் கொண்ட ஒரு கணக்கை மனத்தில் நிறுத்த இடமிருப்பதில்லை.

வேறு சிலர் இதற்கு நேர்மாறாக இருப்பார்கள். யாராவது தோளைத் தொட்டாலே அடித்துவிடுவார்கள். கட்டொழுங்கு ஆசிரியர், ரோத்தான், இடைநீக்கம் என்று அவர்கள் கதை நீளும். வீட்டில் அடி வாங்கும் பிள்ளைக்குப் பள்ளியிலும் அடி விழுந்தால், உலகம் முழுக்க இப்படித்தான் என்ற பாடத்தையே அவன் கற்கிறான்.

இங்கே துணிவு வளர்ப்பதோ மூச்சுப்பயிற்சியோ முதல் தேவையாக இருக்க முடியாது. முதல் தேவை பாதுகாப்பு. ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது பயப்படாதே என்று ஒரு பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பது நியாயமில்லை. ஆகவே இத்தகைய விஷயங்களை ஆலோசனை ஆசிரியரால் இரகசியமாக வைத்திருக்க முடியாது. சமூக நல இலாகாவின் உதவியை நாடியே ஆக வேண்டும். இதை மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேசியதற்காக அவர்களை யாரும் குற்றம் சொல்லாத வகையில் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் கடமை.

பாட்டி சொல்லாமல் விட்டது

நான்காவது வகை நம் சமூகத்துக்கே உரியது. ஜப்பானியர் ஆட்சியில் 1942-க்கும் 1943-க்கும் இடையே, தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை போடப்பட்டது. சயாம் மரண ரயில் என்று நாம் அழைப்பது அதைத்தான். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்தும் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90 ஆயிரம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. இறந்த கூட்டுப்படைக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு கல்கூட இல்லை.

குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து போன என் கொள்ளுத்தாத்தா திரும்பவில்லை. அப்போது என் பாட்டிக்கு எட்டு வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் பாட்டி தாமானில் வசதியான வீட்டில்தான் இருந்தார். இருந்தும் இரவில் லோரி சத்தம் கேட்டால் எழுந்து கதவைச் சரிபார்ப்பார். எழுதப்பட்ட எதிலும் கைரேகை வைக்க மாட்டார். வீட்டு ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போவது என்றால் அழுது தீர்ப்பார். காரணம் சொன்னதில்லை. என் மாமா ஒருவர் சிங்கப்பூரில் கிடைத்த நல்ல வேலையை வேண்டாம் என்றதற்கும், நாங்கள் பேரப்பிள்ளைகள் அரசாங்கக் கடிதம் வந்தாலே பதறியதற்கும் வேர் எங்கே இருந்தது என்று பிறகுதான் புரிந்தது.

அதிர்ச்சி மரபணு வழியாக இறங்குகிறதா என்ற ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அது பழக்கமாகவும், காரணம் சொல்லப்படாத தடையாகவும், வீட்டின் மௌனமாகவும் இறங்குவதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. இதற்கு உதவுவது கதையைத் தெரிந்துகொள்வதுதான். காரணம் தெரிந்தால், 'இது பாட்டியின் பயம்; அவர் காலத்தில் நியாயமான பயம்; இன்று எனக்குத் தேவையா?' என்று கேட்டுப் பார்க்க முடியும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். வேறொரு நாள் அவர்களே தொடங்கலாம்.

நண்பனுக்கு நீங்கள் செய்யக்கூடியது

முதலுதவி போலவே மனத்துக்கும் முதலுதவி உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் அதை மூன்று சொற்களில் கற்பிக்கிறது: பார், கேள், இணைத்துவிடு. நண்பனிடம் ஏற்பட்ட மாற்றத்தைக் கவனியுங்கள். அருகில் உட்கார்ந்து, அவன் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். பிறகு உதவக்கூடிய பெரியவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். 'என்ன நடந்தது, முழுசா சொல்லு' என்று வற்புறுத்த வேண்டாம். கட்டாயப்படுத்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசவைப்பது நன்மை தராது என்று ஆய்வுகள் கூறுகின்றன. 'இதைவிட மோசமா எத்தனையோ பேருக்கு நடந்திருக்கு' என்ற ஒப்பீடும் வேண்டாம்.

நம் வீடுகளில் இதைப் 'பயந்த கோளாறு' என்பார்கள். கோயிலுக்கு அழைத்துப்போய் வேப்பிலை அடித்துத் திருநீறு பூசுவார்கள். அதைக் கேலி செய்ய மாட்டேன். பயந்த பிள்ளையைச் சுற்றிக் குடும்பமே கூடி, பயம் போய்விட்டது என்று சொல்வதில் ஆறுதல் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேலும் பிள்ளை தூங்கவில்லை என்றால் திருநீற்றோடு மருத்துவரும் வேண்டும். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். தேவைப்பட்டால் அங்கிருந்தே சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

பெயர்தான் நம்மை மிரட்டுகிறது. ஜொகூரில் யாரையாவது கிண்டல் செய்ய, "தம்போய்க்கு அனுப்பணும்" என்போம். தம்போயில் உள்ள பெர்மாய் மருத்துவமனை 1937 முதல் இயங்கும் மனநல மருத்துவமனை. வெளிநோயாளியாகப் போய் மருந்தும் ஆலோசனையும் பெற்று, மறுநாள் வேலைக்கும் வகுப்புக்கும் போகிறவர்கள் அங்கே ஏராளம். அந்தக் கிண்டலை நாம் நிறுத்தினால், உதவி கேட்கத் தயங்கும் ஒருவருக்கு வழி கொஞ்சம் எளிதாகும். அவர் உங்கள் வகுப்பிலேயே, உங்கள் பக்கத்து நாற்காலியிலேயே இருக்கலாம்.

பேச ஆள் வேண்டும் என்றால் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக ஆலோசகரிடம் போங்கள், கட்டணம் இல்லை. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-76272929, எந்நேரமும் அழைக்கலாம். வீட்டில் அடி, அத்துமீறல் என்றால் தாலியான் காசே 15999, இதுவும் 24 மணி நேரச் சேவை. உடனடி ஆபத்து என்றால் 999. இந்த எண்களை இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், நண்பன் ஒருவன் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.